முன்குறியும் பின்குறியும்: கரிமருந்துத் துப்பாக்கியின் இலக்கும் பாராமகால் மண்ணும்

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியின் முதுகில் இரண்டு சிறிய உலோகத் துண்டுகள் இருக்கும். குழலின் வாயருகே நிற்பது முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில், நடுவே ஒரு வெட்டுப்பள்ளத்தோடு இருப்பது பின்குறி. பள்ளத்தின் நடுவில் முன்குறியின் தலை சமமாக நின்று, அதன்மேல் இலக்கு அமர்ந்தால் விசையை இழுக்கலாம். குண்டு அங்கே போய்ச் சேராவிட்டால் இந்த இரண்டில் ஒன்றை நகர்த்த வேண்டும், அல்லது அராவ வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலைபோலத் தெரிகிறது. ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு இரண்டு குறிகளும் இருந்தன, எதற்கு ஒன்று மட்டும் இருந்தது, எதற்கு ஒன்றுமே இல்லை என்று கேட்கத் தொடங்கினால், கேள்வி பட்டறையை விட்டு வெளியேறிப் போர்க்களத்துக்கும் சட்டப் புத்தகத்துக்கும் போய்விடுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்கக் குந்தாரப்பள்ளி பொருத்தமான இடம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் இவ்வூரை வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்காகப் பலருக்கும் தெரியும். கூட்ரோட்டிலிருந்து ஒரு சாலை வேப்பனப்பள்ளிப் பக்கம் போகிறது. அந்தத் திசையில் ஆந்திர, கர்நாடக எல்லைகளும், யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும் காட்டோரக் கொல்லைகளும் இருக்கின்றன. நெடுஞ்சாலையோரம் ஓசூர்வரை தொழிற்சாலைகள். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பிசகாமல் கடையக்கூடிய லேத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் வட்டாரம் இது. இதே வட்டாரத்தில்தான் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்டதாகச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வழவழப்பான குழலும், முனையில் ஒரு மணிக்குறியும் கொண்டவை. பின்குறி பெயரளவுக்கு இருக்கும், அல்லது இருக்காது. இவ்வளவு நுட்பமான கைகள் உள்ள மண்ணில் துப்பாக்கி மட்டும் ஏன் குறியில்லாமல் நின்றுவிட்டது? கைத்திறன் போதாததால் அல்ல என்பது என் முடிவு. அதற்கு ஒரு காரணம் இயற்பியலில் இருக்கிறது. இன்னொரு காரணம் 1857 சிப்பாய் எழுச்சிக்குப் பின் எடுக்கப்பட்ட அரசியல் முடிவுகளில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது தலைகீழ். குண்டு இடப்புறம் விழுகிறதென்றால் பின்குறியை வலப்புறம் தள்ளலாம், அல்லது முன்குறியை இடப்புறம் தள்ளலாம். உயரத்துக்கும் இதே விதி. குண்டு தாழ்ந்து விழுந்தால் பின்குறியை உயர்த்த வேண்டும், இல்லையெனில் முன்குறியைத் தாழ்த்த வேண்டும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம்தான் உண்டு. இரு குறிகளுக்கும் இடையேயான நீளத்தைப் பிசகின் அளவால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். குறிகளுக்கிடையே 80 செ.மீ., இலக்கு 50 மீட்டரில், குண்டு 10 செ.மீ. தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொண்டால், நகர்த்த வேண்டியது 1.6 மி.மீ. மட்டுமே. முன்குறியின் தலையில் அரம் வெறும் 0.1 மி.மீ. எடுத்தாலே அதே 50 மீட்டரில் குண்டு 6 மி.மீ.க்குச் சற்று மேல் ஏறிவிடும்.

இதனால்தான் பழைய கைவினைஞர்கள் முன்குறியைத் தேவைக்கு மேல் உயரமாக வைத்து அனுப்பினார்கள். புதுத் துப்பாக்கி வேண்டுமென்றே தாழ்வாகச் சுடும். வாங்கியவர் தம் மருந்தளவையும் குண்டையும் முடிவுசெய்த பிறகு, சுட்டுப் பார்த்து அராவி, மறுபடி சுட்டுப் பார்த்து அராவி, தமக்குரிய உயரத்துக்குக் கொண்டுவருவார். அராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இழுப்போடு நிறுத்த வேண்டும். பக்கவாட்டுத் திருத்தம் இவ்வளவு பயமில்லாதது. குறி பெரும்பாலும் குழலின் குறுக்கே வெட்டிய டவ்டெயில் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதைப் பித்தளைத் துண்டால் மெல்லத் தட்டி நகர்த்தலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தட்டலாம். இரும்பால் தட்டினால் குறி நசுங்கும். தட்டுவதற்கு முன் குழலிலும் குறியிலும் சேர்ந்தாற்போல ஒரு மெல்லிய கோடு கீறிவைப்பவர், எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பழைய இடம் எது என்பதையும் இழக்கமாட்டார்.

இந்த வேலையில் பலரும் சறுக்கும் இடம், ஒரு குண்டை நம்பிக் குறியை நகர்த்துவது. மூன்று முதல் ஐந்து குண்டுகளை ஒரே புள்ளியைப் பார்த்துச் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைக் கண்டுபிடித்து, அந்த நடுவுக்கும் இலக்குக்கும் உள்ள தூரத்தைத்தான் சூத்திரத்தில் போட வேண்டும். குண்டுகள் கூட்டமாகவே விழாமல் இலக்கெங்கும் சிதறினால் குறியைத் தொடவே கூடாது. பிசகிய தராசை விட்டுவிட்டு எடைக்கல்லை மாற்றுகிறவரின் கதையாக அது முடியும். சிதறலுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே இருக்கிறது என்பதுதான் கரிமருந்துத் துப்பாக்கியின் முழுப் பாடமும். இன்றைய தோட்டாவில் மருந்தும் குண்டும் தொழிற்சாலையிலேயே அளந்து அடைக்கப்பட்டு வருகின்றன. வாய்வழித் துப்பாக்கியில் சுடுபவரே ஒவ்வொரு முறையும் தோட்டாவைக் குழலுக்குள் கட்டுகிறார். மருந்தின் அளவு ஒரு சிட்டிகை மாறினாலும், துணியின் தடிமன் மாறினாலும், இடிகம்பியால் அழுத்தும் கைப்பலம் மாறினாலும் குண்டின் வேகம் மாறும். சுருள்வரி வெட்டிய குழலில் உருண்டைக் குண்டு நேரடியாகக் குழலைத் தொடுவதில்லை. கொழுப்பு தடவிய பருத்தித் துணித்துண்டு அதைச் சுற்றிக்கொண்டு வரிகளைப் பற்றுகிறது, குண்டைச் சுழற்றுகிறது, வாய்க்கு வெளியே வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. சுட்டபின் தரையில் கிடக்கும் அந்தத் துணித்துண்டை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கிழியாமல், ஓரம் மட்டும் கருகிக் கிடந்தால் குழலுக்குள் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. ஓட்டை விழுந்தோ நார்நாராகவோ கிடந்தால், குறியைத் திருத்தும் கட்டம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அடுத்த எதிரி கசடு. நோபிள், ஏபல் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் 1870-களில் கரிமருந்தை மூடிய கலனில் எரித்து அளந்தார்கள். எரிந்த மருந்தின் எடையில் ஏறக்குறைய 57 விழுக்காடு வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது என்பது அவர்கள் கண்டது. சுட்டவுடன் எழும் வெண்புகை அதில் ஒரு பகுதி, மீதி குழலின் சுவரில் படிகிறது. அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் அது சேறாகக் குழையும், கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் ஓடாக இறுகும். இரண்டு நிலையிலும் அடுத்த குண்டு வேறு விதமாகப் போகும். ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் இடையே ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்துணியால் ஒருமுறையும் குழலைத் துடைத்து, எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே நிலையைக் கொடுப்பவருக்குத்தான் கூட்டம் சிறுக்கும். சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு தனிப் போக்கில் போவதும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது மரபு.

துப்பாக்கியைத் தாங்கும் விதமும் குறியை மாற்றிக் காட்டும். குழலை நேரே கல்லின் மேலோ மரத்தின் மேலோ வைத்துச் சுட்டால், அது அந்தக் கடினப் பரப்பிலிருந்து துள்ளி, குண்டைத் தள்ளிவிடும். கட்டையின் முன்பகுதியை மணல்மூட்டை போன்ற மெத்தென்ற ஒன்றில் தாங்க வேண்டும். கனமான, மெதுவான குண்டு சில வேளைகளில் வேகமான குண்டைவிட மேலே விழுவதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். மெதுவான குண்டு குழலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கிறது. அதற்குள் உதையால் வாய் மேலெழும்பிவிடுகிறது. மருந்தைக் கூட்டினால் குண்டு உயரும் என்று மட்டும் நம்பியிருப்பவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் வேறொரு தொல்லை. கல்லைப் பிடித்த குதிரை என்ற சுத்தி விழுந்து, கிண்ணத்து மருந்து பற்றி, தீ துளைவழி உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஒரு கணம் கழிகிறது. அந்தக் கணம் முழுவதும் முன்குறி இலக்கை விட்டு நகராமல் நிற்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதக் கண் ஒரே நேரத்தில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் கூர்மையாகப் பார்க்காது. கூர்மையை முன்குறிக்குக் கொடுத்து, மற்ற இரண்டையும் சற்றே மங்க விடுவதுதான் முறை. பித்தளையிலோ வெள்ளியிலோ செய்த முன்குறி, அடர்காட்டின் மங்கலில் நன்றாகத் தெரியும். திறந்தவெளியில் சாய்வெயில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டால், மின்னும் அந்தப் பக்கத்தையே குறியின் நடு என்று கண் எடுத்துக்கொள்ளும். குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விலகும். காலையில் திருத்திய குறி மாலையில் பொய்க்கக் காரணம் பல நேரம் இதுதான், துப்பாக்கியில் கோளாறு இருக்காது. இலக்குப் போட்டியாளர்கள் சுடுவதற்கு முன் குறிகளைப் புகைக்கரியால் கறுப்பாக்கிக்கொண்டது இதற்காகவே.

இவ்வளவும் சுருள்வரிக் குழலுக்குப் பொருந்தும். வழவழப்பான குழலுக்கு ஏன் பொருந்தாது என்பதை உலகுக்கு விளக்கியவர் தமிழ்நாட்டில்தான் இறந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742-இல் பீரங்கிக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டின் வேகத்தை அளக்க ஊசற்கட்டை ஒன்றைப் பயன்படுத்தினார். வழவழக் குழலில் குண்டு தளர்வாக இருக்கிறது, போகும்போது சுவரில் உரசி ஏதோ ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்குகிறது, அந்தச் சுழற்சியே அதைக் காற்றில் வளைத்துக்கொண்டு போகிறது என்று அவர் காட்டினார். ஒரு துப்பாக்கியின் வாயை வேண்டுமென்றே இடப்புறம் வளைத்துச் சுட்டபோது, குண்டு முதலில் இடப்புறம் போய், பிறகு காற்றில் வலப்புறமாகத் திரும்பியது. வழியில் தொங்கவிட்ட மெல்லிய தாள்களில் விழுந்த துளைகள் அந்தப் பாதையைக் காட்டின. சுருள்வரிக் குழலை முதலில் முழுமையாகக் கையாளும் நாட்டுக்குப் பெரும் மேலாதிக்கம் கிடைக்கும் என்றும் 1747-இல் அவர் முன்னுரைத்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே வந்து, 1751 ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார்.

ராபின்ஸ் சொன்னதன் நடைமுறைப் பொருள் இது: ஒவ்வொரு குண்டும் தனித்தனிச் சுழற்சியோடு போகும் குழலுக்குத் திருத்தவேண்டிய ஒரு நடுவே கிடையாது. கம்பெனிப் படையின் 'பிரௌன் பெஸ்' துப்பாக்கியின் குழல் ஏறக்குறைய 0.75 அங்குலம், அதில் போட்ட குண்டு 0.69 அங்குலம். கசடு அடைத்தாலும் வேகமாகக் கெட்டிக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி விடப்பட்டது. அதற்குப் பின்குறியே கிடையாது. முனைக்கத்தியை மாட்டும் சிறு முளைதான் முன்குறியின் வேலையைப் பார்த்தது. ஜார்ஜ் ஹாங்கர் என்ற படை அதிகாரி 1814-இல் எழுதிய நூலில், சிப்பாயின் துப்பாக்கி 80 கெஜத்தில் மனித உருவைத் தொடலாம், 100 கெஜத்தில்கூடத் தொடக்கூடும், அதற்கு அப்பால் நம்பிக்கை வைக்க முடியாது என்ற கருத்தைத் தம் அனுபவத்திலிருந்து பதிவு செய்தார். அத்தகைய ஆயுதத்தை வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடத்தான் பயன்படுத்தினார்கள். தனி ஆளின் குறி அங்கே கணக்கில் இல்லை.

அந்தத் துப்பாக்கிகள் இந்த மண்ணுக்கு வந்தன. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனி வசமாயின. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் படை அதிகாரி மாக்ஸ்வெல் தலைமையில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகள் அந்தத் தோல்வியில் பெரும் பங்கு வகித்தன. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்தான் கம்பெனிக்குப் போனது. மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி 1799-க்குப் பிறகு சேர்ந்தது. அந்தக் காலத்தில் இந்நாட்டு வீரர்கள் கையில் இருந்தவற்றில் திரித் துப்பாக்கி முக்கியமானது. நம் நாட்டுத் திரித் துப்பாக்கிகள் பலவற்றில் முன்குறியும் உண்டு, வெட்டுப்பள்ளம் கொண்ட பின்குறியும் உண்டு. சிலவற்றில் குழலின் வாயே புலித்தலையாகவோ வேறு விலங்குத் தலையாகவோ வடிக்கப்பட்டு, அதன் மேலேயே முன்குறி அமைந்திருக்கும். நீளமான குழல், தூர தூரமாக நின்ற இரு குறிகள், அவசரமில்லாமல் கெட்டித்த இறுக்கமான குண்டு இவை சேரும்போது, வழவழக் குழலாக இருந்தாலும் தனி ஆள் நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் மரபு இங்கே இருந்ததென்றே கொள்ள வேண்டும். வரிசைப் படைக்குச் செய்த ஐரோப்பியத் துப்பாக்கியோடு ஒப்பிட்டு இதைப் பின்தங்கிய ஆயுதம் என்று எழுதுவது பாதி உண்மை. சுடும் வேகத்தில் பின்தங்கியது. குறியில் அப்படியல்ல.

தென்பாளையங்களின் எழுச்சி அடக்கப்பட்ட பின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர்களின் கோட்டைகளோடு ஆயுதங்களையும் ஒழித்தது. அதைவிட ஆழமான வெட்டு 1857-க்குப் பின் விழுந்தது. என்ஃபீல்டு 1853 மாதிரி துப்பாக்கி 0.577 அங்குலச் சுருள்வரிக் குழல் கொண்டது. அதன் பின்குறி 100 கெஜத்திலிருந்து 400 கெஜம் வரை படிப்படியாக ஏறும், நிமிர்த்தினால் ஏணிபோல நின்று 900 கெஜம் வரை காட்டும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அந்த ஏணியில் சட்டத்தை ஏற்றக் கற்பிப்பதற்காகவே டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் சிப்பாய்களுக்குப் பயிற்சி தொடங்கியது. அதன் தோட்டாத் தாளில் தடவிய கொழுப்பைப் பற்றிய அச்சம் 1857 எழுச்சிக்கு ஒரு பொறியானதைப் பள்ளிப் பாடமே சொல்கிறது. பாடம் சொல்லாத பின்கதை ஒன்று உண்டு. எழுச்சி அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்றே 1858 மாதிரி என்ற புதுத் துப்பாக்கி வந்தது. வெளியே அது என்ஃபீல்டுதான். உள்ளே சுருள்வரிகள் இல்லை. குழல் 0.656 அங்குலத்துக்கு வழவழப்பாக அகலப்படுத்தப்பட்டிருந்தது. ஏணிப் பின்குறி நீக்கப்பட்டு, நகராத ஒரு கட்டைக் குறி பதிக்கப்பட்டது.

இந்த ஒரு மாற்றத்தில் ஓர் ஆட்சியின் அச்சம் முழுவதும் தெரிகிறது. வெள்ளைச் சிப்பாய் 900 கெஜத்துக்குக் குறிபார்க்கலாம். இந்தியச் சிப்பாய் நூறு கெஜத்தைத் தாண்டக் கூடாது. பிற்காலத்தில் இந்தியப் படைகளுக்குச் சுருள்வரித் துப்பாக்கி மீண்டும் கிடைத்தது, ஆனால் பொதுவாக ஒரு தலைமுறை பழைய மாதிரியாகவே கிடைத்தது. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் என்று, 0.303 துப்பாக்கிகளை வழவழக் குழலும் ஒற்றைச் சுடலும் கொண்ட 0.410 ஆக ஈஷாப்பூர் தொழிற்சாலை மாற்றித் தந்ததும் அதே சிந்தனையின் தொடர்ச்சிதான். பொதுமக்களுக்கு 1878 ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இந்தியருக்கு, விலக்கு ஐரோப்பியருக்கு. பட்டறைகளில் குழல் அடித்து, குறி பதித்து, சுட்டுச் சோதித்துக் கொடுக்கும் கைத்தொழில் வெளிச்சத்தில் நடக்க இயலாததாயிற்று. மறைவில் அடிக்கும் குழலைப் பொறுமையாகச் சுட்டுச் சோதிக்க எவராலும் முடியாது. குறி திருத்துவதற்குத் திறந்தவெளியும் நேரமும் திரும்பத் திரும்பக் கேட்கும் வெடிச்சத்தமும் தேவை. அவை மூன்றும் இல்லாத இடத்தில் அந்த அறிவு முதலில் செத்துப்போகிறது.

விடுதலைக்குப் பிந்தைய 1959 ஆயுதச் சட்டத்தில் நம் வட்டாரத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பிரிவு இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான உண்மையான தேவை இருந்தால், வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறு வழவழக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். உழவர் கையில் இருக்க வேண்டியது வழவழக் குழல்தான் என்ற பழைய கோடு இந்தச் சட்டத்திலும் நீடிப்பதைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் கேட்கிறது. லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர், தெரிந்தவர் கொண்டுவந்த நாட்டுத் துப்பாக்கிக்கு ஓர் உதிரிப்பாகம் கடைந்து கொடுத்தால், அவர் உதவி செய்ததாக நினைப்பார், சட்டம் அப்படி நினைக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு.

இப்போது காட்டோரக் கொல்லைக்கு வருவோம். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளோடு பிடிபடும் பொருள்களில் 'பால்ரஸ்' என்று இங்கே சொல்லப்படும் எஃகு உருண்டைகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. இயந்திரத்தின் பேரிங்குக்காகச் செய்த உருண்டை அது. ஈயம்போல இளகாது, குழலோடு ஒட்டாது, சுவரில் தட்டித் தட்டி வெளியேறும். பலவற்றைச் சேர்த்துக் கெட்டித்தால் வாயை விட்டதும் விரியும். ராபின்ஸ் காட்டிய சிதறல் இங்கே பன்மடங்கு. இத்தகைய குழலுக்கு மணிக்குறி போதும் என்று பட்டறைக்காரர் விட்டது அவருக்குத் தெரிந்த இயற்பியலின்படி சரியே. மேலே சொன்ன 1.6 மி.மீ. கணக்குக்கு இதில் இடமில்லை. இதன் விலையைக் கொடுப்பது வேறு உயிர்கள். இருளில், டார்ச் வெளிச்சத்தில், அளக்காத மருந்தோடு, சிதறும் உருண்டைகளால் சுடப்படும் பன்றி பெரும்பாலும் உடனே சாவதில்லை. காயத்தோடு காட்டுக்குள் போய்ப் பல நாள் கழித்துச் சாகிறது. தரமற்ற குழல் வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் போகும்.

பன்றித் தொல்லை பொய்யல்ல. ராகியும் நிலக்கடலையும் ஒரே இரவில் உழப்பட்டுப் போவதை இந்த வட்டாரத்து உழவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு வரைமுறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பைப் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தப் பயிற்சியில் குறி திருத்தம் முதற்பாடமாக இருக்க வேண்டும். முறைப்படி இழப்பீடும் விரைவாகக் கிடைத்தால்தான் உழவர் மறைத்துவைத்த குழலைக் கைவிடுவார்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு வழி இருக்கிறது. குடகு மக்களுக்கு 1861-இலேயே ஆயுத உரிமத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. ஒன்றிய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது, கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் அந்த ஆணையைச் செல்லும் என்றது. செப்டம்பரில் வரும் கைல் பொளுது விழாவில் துப்பாக்கிக்குப் பூவைத்து வழிபடுகிறார்கள். தூரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் போட்டி ஊர்தோறும் நடக்கிறது. அந்த விலக்கு ஆங்கிலேயர் தங்களுக்கு விசுவாசமாக இருந்தவர்களுக்குக் கொடுத்த சலுகை என்பதை மறக்கத் தேவையில்லை. ஆனால் ஊர் நடுவே, பகலில், பெரியவர்கள் முன் சுடும் பழக்கம் இருப்பதால் தேங்காயைத் தவறவிட்டவர் ஏன் தவறியது என்று கேட்டு அறிய முடிகிறது. இந்த வாய்ப்புத்தான் பாராமகாலில் இல்லாமல் போனது. உலக அளவில் 1971 முதல் இயங்கும் வாய்வழித் துப்பாக்கிக் கழகங்களின் பன்னாட்டுக் குழு, கரிமருந்து மட்டுமே பயன்படுத்தும் போட்டிகளை 25, 50, 100 மீட்டர் தூரங்களில் நடத்துகிறது. வழவழக் குழல் சக்கிமுக்கித் துப்பாக்கியை 50 மீட்டரோடு நிறுத்தி, 100 மீட்டர் போட்டிகளைச் சுருள்வரிக் குழல்களுக்கே அவர்கள் வைத்திருப்பது, எந்தக் குழலின் குறியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கான நடைமுறைச் சான்று.

நாட்டுத் துப்பாக்கியை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. உரிமமில்லாத குழல் வீட்டில் இருந்தால் அதைக் காவல்துறையிடமோ வனத்துறையிடமோ ஒப்படைப்பதே வீட்டுக்கும் காட்டுக்கும் நல்லது. ஆனால் ஒப்படைக்கப்படும் எல்லாவற்றையும் ஒரே குவியலாக உருக்கிவிடக் கூடாது. அவற்றில் பழங்குழல்கள், திரித் துப்பாக்கியிலிருந்து மாற்றியவை, 19-ஆம் நூற்றாண்டுப் பட்டறை வேலைகள் இருக்கக்கூடும். உருக்குமுன் தொல்லியல் அறிந்த ஒருவர் ஒவ்வொன்றையும் பார்த்து, குழலின் உள்விட்டத்தையும் குறிகளின் உயரத்தையும் இடைநீளத்தையும் அளந்து பதிய வேண்டும். செயலிழக்கச் செய்த சிலவற்றைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்கலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கப் போகிறவர்கள், அடுத்த முறை குழலின் இரு முனைகளையும் நின்று கவனியுங்கள். தமிழ்நாட்டுத் துப்பாக்கி சுடும் கழகங்கள் உரிய உரிமத்தோடு, காவல்துறைக் கண்காணிப்பில், கரிமருந்துப் பிரிவு ஒன்றைத் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வெர்னியர் பிடிக்கத் தெரிந்த கைகள் அதற்குத் தயாராக இருக்கின்றன.